இயர்மார்க் நிதி: ஒருமுறை கிடைத்தது, ஒருமுறை கைநழுவியது - ஒரு பயனாளியின் விமர்சனம்

அமெரிக்காவில், காப்பீடு இல்லாதவர்களுக்கான ஓர் இலவச மருத்துவ மையத்தில் திட்ட மேலாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் பல் மருத்துவப் பிரிவு, காங்கிரஸ் உறுப்பினர் வழியாக வந்த மத்திய அரசுப் பணத்தில் எழுந்தது. அடுத்த திட்டத்துக்கும் அதே வழியில் போனோம். பட்டியலில் பெயர் வந்தது, அப்புறம் அந்தப் பட்டியலே இல்லாமல் போயிற்று. தமிழ்ப் பள்ளி, முதியோர் மையம், உணவு வங்கி என்று இங்கே அமைப்பு நடத்தும் நம்மவர்கள் பலர், "அந்தப் பணத்தை நம்மைப் போன்றவர்களும் கேட்கலாமா?" என்று விசாரிக்கிறார்கள். கேட்கலாம். எப்படி, எதற்கு, எதற்குக் கூடாது என்பதை ஒரு சேவையை மதிப்பிடுவது போலவே எழுதுகிறேன். மாநிலம், தொகுதி பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்ட இளம் ஊழியர்களைப் பேச்சுப் பொருளாக்க எனக்கு விருப்பம் இல்லை. ஏற்பாட்டைத்தான் மதிப்பிடுகிறேன்.

மொத்த மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தொகுதி அலுவலகத்தின் சேவையை மட்டும் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். காலக் கெடுவுக்கும் நிச்சயமின்மைக்கும் சேர்த்து ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில், இது என்ன பணம்? மத்திய அரசின் ஆண்டுச் செலவுச் சட்டங்களுக்குள், "இன்ன ஊரில் இன்ன அமைப்பின் இன்ன வேலைக்கு இவ்வளவு டாலர்" என்று உறுப்பினர் ஒருவர் பெயர் சொல்லி எழுத வைப்பதுதான் இயர்மார்க். பிரதிநிதிகள் சபையில் இதற்கு இப்போதைய பெயர் கம்யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபண்டிங். செனட்டில் காங்கிரஷனலி டைரக்டட் ஸ்பெண்டிங். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதை எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இந்தியாவில் ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே யாருக்கும் அப்படி ஒரு பங்கு கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாகக் கேட்டு, குழுவில் தேறி, இரு சபையும் தாண்டி, அதிபர் கையெழுத்து விழ வேண்டும்.

இதற்குக் கெட்ட பெயர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலாஸ்காவின் கெச்சிக்கன் ஊரிலிருந்து கிராவினா தீவுக்கு இயர்மார்க் பணத்தில் கட்டத் திட்டமிட்ட பாலம், வீண் செலவு என்று 2005-ல் நாடு முழுக்க விமர்சனத்துக்கு ஆளானது. கலிஃபோர்னியா உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம் இப்படிப்பட்ட ஒதுக்கீடுகளுக்காக லஞ்சம் வாங்கிய வழக்கில் 2006-ல் சிறைக்குப் போனார். 2011-ல் இந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 2021-ல், சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக ரோசா டிலாரோவும் செனட் குழுத் தலைவராக பேட்ரிக் லேஹியும் இருந்தபோது, கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கிடையாது. கேட்கும் உறுப்பினர், தனக்கோ தன் குடும்பத்துக்கோ அதில் பண ஆதாயம் இல்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். கோரிக்கையைத் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். சபை உறுப்பினர் ஒருவர் கேட்கக்கூடிய திட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு: முதல் வருடம் 10, அடுத்த வருடம் 15. செனட்டர்களுக்கு அப்படி வரம்பு இல்லை. மத்திய அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, பணம் போய்ச் சேர்ந்ததா என்று பின்தொடர்ந்து பார்க்கிறது. 2023 நிதியாண்டில் மட்டும் 7,234 திட்டங்களுக்கு 15.3 பில்லியன் டாலர் என்று அவர்கள் கணக்கு.

இந்தப் பணத்தை நான் மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான மத்திய அரசு மானியத்துக்குப் போட்டி நாடு தழுவியது. மானியம் எழுதுவதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு எங்கள் ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இயர்மார்க்கில் முதல் சல்லடை தொகுதி அலுவலகம். பேருந்து எத்தனை மணிக்கு நிற்கும், எந்தத் தெருவில் எந்த மருத்துவர் கடையை மூடிவிட்டுப் போனார் என்றெல்லாம் தெரிந்தவர்கள் படிக்கிறார்கள். சின்ன அமைப்புக்கு இது பெரிய விஷயம்.

எங்கள் முதல் விண்ணப்பம் 2022 வசந்த காலத்தில், 2023 நிதியாண்டுக்காக. கேட்டது, மையத்தின் பின்பகுதியில் சும்மா கிடந்த சரக்கறையைப் பல் சிகிச்சைப் பிரிவாக மாற்ற 9 லட்சம் டாலர். படிவம் நீளம் இல்லை. திட்டத்தின் பெயர், முகவரி, தொகை, எதற்கு, வேறு எங்கிருந்து பணம் வருகிறது, அந்த நிதியாண்டுக்குள் வேலையைத் தொடங்க முடியுமா, வரி செலுத்துவோர் பணத்தை இதில் போடுவது ஏன் நியாயம். கடைசிக் கேள்விதான் கடினம். பெரும்பாலானவர்கள் தங்கள் அமைப்பின் வரலாற்றை அங்கே எழுதிவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது பணத்தின் கணக்கு. பல்வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவருக்கு அங்கே வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்தான் கிடைக்கும், பல் அப்படியே இருக்கும், மறுபடி வருவார். அந்தச் செலவைக் கடைசியில் யார் தலையில் கட்டுகிறார்கள் என்று எழுதினோம்.

சமூக ஆதரவைக் காட்டும் கடிதங்கள் சேர்க்க வேண்டும். மேயர், மாவட்ட நிர்வாகம், வணிகர் சங்கம் என்று பெரிய ஆட்களின் கடிதங்களைச் சேகரிப்பது வழக்கம். சேகரித்தோம். அவை ஒன்றின் நகல் போல ஒன்று இருந்தன. வேலை செய்தது ஒரு பள்ளிச் செவிலியரின் கடிதம். ஒரு பக்கம்கூட இல்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கன்னம் வீங்கி வந்தான். மதிய உணவை ஒரு பக்கமாகவே மென்றான். அம்மாவுக்கு போன் செய்தால், "அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் கூட்டிப் போகிறேன்" என்றார். "அந்த வாரம் முழுக்கப் பையன் என் அறையில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான்" என்று செவிலியர் எழுதியிருந்தார். தொகுதி அலுவலகத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த பெண், மற்ற கடிதங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தச் செவிலியரோடு நான் பேச முடியுமா?" என்றுதான் கேட்டார்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். வந்தவர் அலுவலக அறையில் உட்காரவில்லை. நேராகச் சரக்கறைக்குப் போனார். அளவுநாடா எங்கே என்று கேட்டார். தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் வருகிறது, தரையை வெட்ட வேண்டுமா, கட்டடம் சொந்தமா வாடகையா, வாடகை என்றால் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியாக ஒரு கேள்வி: "கேட்டது முழுவதும் வராவிட்டால், எதை விட்டுக்கொடுப்பீர்கள்?"

இந்தக் கேள்விக்கு விடை எழுதி வைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கவே வேண்டும் என்பேன். நாங்கள் திட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். தரை வெட்டு, குழாய், மின்சாரம், கம்ப்ரசர், உறிஞ்சு இயந்திரம், முதல் சில நாற்காலிகள் ஒரு பகுதி. கூடுதல் நாற்காலியும் முழுவாய் எக்ஸ்-ரே கருவியும் இன்னொரு பகுதி. தரைக்கு அடியில் போகிற வேலையை ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். நாற்காலியை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது 7 லட்சம். இரண்டாம் பகுதியைத் தள்ளி வைத்தோம், முதல் பகுதி ஒரு மூலையும் குறையாமல் நின்றது. பிரிக்க முடியாத திட்டத்தோடு போனவர்கள் பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதிக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

2022 டிசம்பர் 29-ஆம் தேதி அந்தச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். சட்டத்தோடு வரும் விளக்க அறிக்கையின் அட்டவணையில் எங்கள் மையத்தின் பெயர், ஊர், தொகை, கேட்ட உறுப்பினரின் பெயர் என்று ஒரே வரி. எங்கள் நிர்வாகக் குழுவின் பொருளாளர் மதுரைக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர். அந்த வரியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, இதுல காசு வருமா, கடுதாசிதான் வருமா?"

"முதல்ல கடுதாசிதான் சார். வேலை நடக்க நடக்க, செலவுக்குத் தகுந்த மாதிரிதான் காசு."

"அப்ப காண்ட்ராக்டருக்கு முதல் பில்லை யாரு கட்டுறது?"

அவர் கேட்டது அத்தனை பேரும் கேட்க வேண்டிய கேள்வி. உறுப்பினர் வந்து ஆள் உயரக் காசோலை அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார். அடுத்த நாள் வங்கிக் கணக்கில் ஒரு டாலர்கூட ஏறியிருக்காது. சட்டத்தில் பெயர் வந்தது அனுமதிச் சீட்டு மட்டும்தான். அதற்குப் பிறகு பணத்தைக் கையில் வைத்திருக்கும் துறை நம்மைக் கூப்பிடும். அங்கே முறையான மானிய விண்ணப்பம் ஒன்றை முதலிலிருந்து போட வேண்டும். வரவு செலவுத் திட்டம், கட்டட வரைபடம், இடத்தின் மேல் உரிமை, சுற்றுச்சூழல் தாள்கள். கட்டடம் 50 வருடத்தைத் தாண்டியது என்றால் பெரும்பாலும் மாநிலத் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகத்தின் கருத்தும் வேண்டும். எங்கள் சரக்கறையின் பழைய தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்ற பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் முடிந்து ஒப்பந்தம் கைக்கு வர 2023 செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் செங்கல் ஒன்றைத் தொட்டாலும் அது நம் சொந்தப் பொறுப்பில். பொருளாளர் சார் இந்த இடைவெளியைச் சமாளிக்க வங்கியில் ஒரு கடன் வரம்பு வாங்கி வைத்தார். அதன் வட்டியை நன்கொடைப் பணத்திலிருந்துதான் கட்டினோம். அந்த வட்டியையும் திட்டச் செலவில் ஒரு வரியாக முதலிலேயே எழுதி வையுங்கள்.

எங்களைக் கவனித்த துறை அதிகாரி பொறுமையானவர் என்பதையும் பதிவு செய்கிறேன். மத்திய அரசுப் பணத்தை அதுவரை தொட்டறியாத அமைப்பு நாங்கள். கொள்முதலுக்கு எத்தனை விலைப்புள்ளி வாங்க வேண்டும், யாருடைய உறவினரிடம் வாங்கக் கூடாது, நேரத் தாளில் என்ன எழுத வேண்டும் என்று தொடங்கி, ஒரு புத்தகம் அளவுக்கு விதிகள். கட்டடத்தில் மத்திய அரசுக்குப் பாத்தியதை இருக்கிறது என்று சொத்துப் பதிவேட்டில் பதியச் சொன்னார்கள். அதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எங்கள் உரிமையாளர் நல்ல மனிதர், வக்கீலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள், விண்ணப்பத்துக்கு முன்பே உரிமையாளரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

தணிக்கை விஷயம் ஒன்று. அமைப்பு தன் ஒரு நிதியாண்டுக்குள் 7.5 லட்சம் டாலரோ அதற்கு மேலோ மத்திய அரசுப் பணத்தைச் செலவழித்தால் சிங்கிள் ஆடிட் என்ற தனித் தணிக்கை செய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி. 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அந்த வரம்பு 10 லட்சம். அந்தத் தணிக்கைக்கு நல்ல செலவு ஆகும். கிடைத்ததே 7 லட்சம்தான் என்பதால் எங்களுக்கு அது வரவில்லை.

2025 தொடக்கத்தில் பல் பிரிவு திறந்தது. முதல் வாரத்தில் வந்தவர்களில் ஒருவர், கட்டுமான வேலை செய்யும் நடுவயதுக்காரர். பின்பல்லில் வலி வந்து, அதைத் தானே பிடுங்க முயன்று, பாதி உடைந்து உள்ளே நின்றிருந்தது. எங்கள் தன்னார்வப் பல் மருத்துவர் மிச்சத்தை எடுத்து முடித்தபோது மணி எட்டு இருக்கும். கிளம்பும்போது அவர் கேட்டது, "என் மனைவியையும் கூட்டி வரலாமா?" என்பதுதான். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு எத்தனை குறை இருந்தாலும் மூன்றரைக்குக் கீழே இறங்க முடியாததற்கு இதுதான் காரணம். வேறு எந்த வழியிலும் அந்த அறை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இனி, கைநழுவிய கதை.

பக்கத்துக் கட்டடத்தில் முதியோர் பகல் மையம் ஒன்று தொடங்க நினைத்தோம். இதற்குள் விதிகள் மாறத் தொடங்கியிருந்தன. 2024 நிதியாண்டுக்கு, பிரதிநிதிகள் சபை சுகாதாரம், கல்வி, தொழிலாளர் துறைகள் அடங்கிய மசோதாவில் இயர்மார்க்கே கிடையாது என்று மூடிவிட்டது. எங்கள் பல் பிரிவுக்குப் பணம் வந்த கதவு அதுதான். மீதி இருந்தது வீட்டுவசதித் துறையின் பொருளாதார மேம்பாட்டுக் கணக்கு. சமூகக் கூடங்கள், மையங்கள் எல்லாம் அதில்தான் வரும். 2023 ஜூலையில், பென்சில்வேனியாவிலும் மாசசூசெட்ஸிலும் இருந்த எல்ஜிபிடி சமூகத்துக்கான மூன்று திட்டங்களைக் குழுக் கூட்டத்தில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பெரிய சண்டை நடந்தது. அடுத்த வருடம், டாம் கோல் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரானதும், 2025 நிதியாண்டுக்கு அந்தக் கணக்கில் லாப நோக்கற்ற அமைப்புகள் எதுவும் கேட்கவே கூடாது என்று விதி வந்தது. மூன்று திட்டங்களின் மேல் இருந்த கோபம், நாடு முழுக்க உணவு வங்கிக்கும் முதியோர் மையத்துக்கும் கதவைச் சாத்தியது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த மூன்று அமைப்புகளுக்கும் அது அநியாயம். எங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் அநியாயம்.

செனட்டில் கதவு திறந்திருந்தது. ஒரே திட்டத்தைச் சபை உறுப்பினரிடமும் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடமும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செனட்டர் அலுவலகம் ஒன்றில் கொடுத்தோம். அங்கே மாநிலம் முழுக்க வரும் விண்ணப்பங்களைச் சில பேர் பார்க்கிறார்கள்; அளவுநாடா கேட்டுச் சரக்கறைக்குள் நுழைவதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாது. இருந்தாலும் 2024 கோடையில் செனட் குழு வெளியிட்ட பட்டியலில் எங்கள் முதியோர் மையம் இருந்தது. அந்த மையத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களிடம், "பட்டியலில் இருக்கிறது, சட்டமாகவில்லை" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொன்னோம்.

சட்டமாகவில்லை. அந்த வருடச் செலவு மசோதாக்கள் எதுவும் நிறைவேறாமல், பழைய அளவிலேயே வருடம் முழுவதும் செலவை ஓட்டும் தீர்மானம் ஒன்றை 2025 மார்ச்சில் நிறைவேற்றினார்கள். அதில் இயர்மார்க் ஒன்றுகூட இல்லை. இரு கட்சிகளின் தொகுதிகளிலும், தீயணைப்பு நிலையம், குடிநீர்க் குழாய், மருத்துவமனை என்று அந்த நிதியாண்டுக்குக் கேட்ட திட்டங்கள் மொத்தமும் ஒரே நாளில் இல்லாமல் போயின. யாரும் எங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதியதில் குறை என்றால் திருத்தலாம். இதில் திருத்த ஒன்றுமே இல்லை. காலக் கெடுவுக்கும் நிச்சயமின்மைக்கும் ஒரு மதிப்பெண் என்று நான் சொன்னது இதனால்தான். செலவைத் தள்ளிப்போடக்கூடிய பெரிய அமைப்புக்கு ஒரு வருடம் போவது தாமதம். பக்கத்துக் கட்டடத்துக்கு முன்தொகை கொடுத்துப் பிடித்து வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வருடத்தில் கட்டடமே கைமாறிவிடும். மாறிவிட்டது. இப்போது அங்கே டயர்க் கடை இருக்கிறது.

ஆகவே எதற்குக் கேட்கலாம்? ஒரே தடவையில் முடிகிற, கண்ணால் பார்க்கக்கூடிய, ஒரு வருடம் தள்ளிப் போனாலும் உயிர் போகாத வேலைக்கு. கூரை, குளிர்பதன அறை, சமையற்கூடம், வண்டி, மருத்துவக் கருவி. சம்பளத்துக்குக் கேட்காதீர்கள். இந்த வருடம் வந்தால் அடுத்த வருடம் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆளை வேலைக்கு எடுத்துவிட்டு நடுத்தெருவில் விடுவதாக முடியும். ஊர் சின்னதாக இருந்தால் வேளாண் துறையின் கிராமப்புறச் சமூக வசதிக் கணக்கைப் பாருங்கள். 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கானது, லாப நோக்கற்ற அமைப்புகளும் கேட்கலாம். நாம் போட வேண்டிய பங்கு எவ்வளவு என்பது கணக்குக்குக் கணக்கு வேறுபடும். அதைப் படிக்காமல் தொகையை எழுதக் கூடாது.

நம்மவர்கள் தயங்கும் இன்னொரு இடம், "அரசியல்வாதியிடம் போய்க் கேட்டால் நம் வரிவிலக்குப் போய்விடுமா?" என்பது. போகாது. 501(சி)(3) என்ற சட்டப் பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு அளவோடு லாபி செய்ய, அதாவது சட்டம் இயற்றுபவர்களிடம் ஆதரவு திரட்ட, சட்டம் அனுமதிக்கிறது. தேர்தலில் ஒருவருக்கு ஆதரவாக வேலை செய்வதுதான் முழுத் தடை. ஒதுக்கீட்டைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி உறுப்பினரிடம் கேட்பது லாபி கணக்கில்தான் வரும், அதனால் செலவான நேரத்தைக் குறித்து வையுங்கள். 501(எச்) தெரிவுக்கான 5768 படிவத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பிவிட்டால், எவ்வளவு செய்யலாம் என்பதற்குத் தெளிவான எண் கிடைத்துவிடும்: அமைப்பின் நோக்கத்துக்கான செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம். ஊழியர் ஒருவரின் சில வார வேலை அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் இந்த வேலைக்கு மத்திய அரசு மானியப் பணத்தைத் தொடக் கூடாது.

ஆலோசகர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எங்களிடம் ஒருவர் வந்தார்: "எனக்கு இப்போது எதுவும் தர வேண்டாம், நிதி வந்தால் அதில் எட்டு சதவீதம் தாருங்கள்." நன்கொடை திரட்டுவோர், மானியம் எழுதுவோர் சங்கங்களின் நெறிமுறைகளே சதவீதக் கூலியைத் தடை செய்கின்றன. தவிர, மானியப் பணத்திலிருந்து அதைக் கொடுக்கவும் முடியாது. படிவத்தைத் தொகுதி அலுவலகம் கேட்டவுடன் இலவசமாகத் தருகிறது, சந்தேகத்துக்குத் தொலைபேசியில் விடை சொல்கிறது. மத்திய அரசுப் பணம் கேட்பவர்கள் பதிய வேண்டிய சாம் என்ற இணையதளத்தில் பதிவு செய்து, யுஇஐ என்ற அமைப்பு அடையாள எண் வாங்குவதும் இலவசம். அதற்கும் காசு கேட்டு மின்னஞ்சல் வரும். அவை அரசிடமிருந்து வருபவை அல்ல. எங்கள் ஆலோசனைச் செலவு, கட்டட வரைபடத்துக்குக் கொடுத்த கட்டணம் ஒன்றுதான். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டடக் கலைஞர் கையெழுத்திட்ட மதிப்பீடு இருந்ததால்தான் 7 லட்சத்துக்குள் வேலை முடிந்தது.

பணத்தில் பெரும்பகுதி நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பத்துப் பதினைந்து இடங்களுக்குச் சாலை, சாக்கடை, காவல் நிலையம் எல்லாம் போட்டியிடும். உங்கள் உறுப்பினர் எப்படிப்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. போன வருடங்களில் கேட்டவை அவருடைய இணையதளத்திலேயே தொகை, முகவரியோடு இருக்கின்றன. அரை மணி நேரம் அதைப் படித்தால், உங்கள் விண்ணப்பத்துக்கு அங்கே இடம் உண்டா என்று தெரிந்துவிடும்.

நேரம் பற்றி: மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பங்களை அலுவலகங்கள் பொதுவாக அதற்கு முந்தைய குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வாங்குகின்றன. கடைசி நாளை ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாக வைக்கிறது. சில இடங்களில் அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவே சில வாரங்கள்தான். முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொகுதி அலுவலகத்துக்குப் போய் அறிமுகம் செய்துகொண்டு, உங்கள் இடத்தைப் பார்க்க அழைத்து விடுங்கள். நாங்கள் இந்த முறை கேட்கப் போவது முழுவாய் எக்ஸ்-ரே கருவியும், அன்றைக்குத் தள்ளி வைத்த நாற்காலியும். சபையில் எங்கள் கதவு மூடியே இருந்தால் செனட்டர் அலுவலகத்துக்கு. முதியோர் மையத்துக்கு இந்த வழியை நம்பவில்லை. அதற்கு ஊருக்குள்ளேயே நன்கொடை திரட்டத் தொடங்கிவிட்டோம். பொருளாளர் சார் கையில் ரசீதுப் புத்தகம் ஏறிவிட்டது.